பனிக்காலத்தில் ஃபிராங்கோனியா ரிட்ஜ்: மைக்ரோஸ்பைக்ஸ் மட்டும் போதுமா?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. பாஸ்டன் பக்கம் மென்பொருள் வேலை பார்க்கும் நான்கு நண்பர்கள். நியூ ஹாம்ப்ஷயரின் ஒயிட் மவுண்டன்ஸில் இருக்கும் ஃபிராங்கோனியா ரிட்ஜை (நீண்ட மலைமுகடு) போன அக்டோபரில் ஆறரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிட்டீர்கள். அதே சுற்றை பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை போக ஆசை. மைக்ரோஸ்பைக்ஸ் வாங்கியாயிற்று, அது போதுமா, கிராம்பானும் (பூட்ஸின் அடியில் கட்டும் நீண்ட உலோக முனைகள்) வேண்டுமா? காலில் எதை மாட்டுவது என்பதற்குச் சீக்கிரமே பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: மரங்களைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்த பிறகு காற்று எகிறினாலோ, ஒருவருக்குக் கை மரத்துப்போனாலோ, எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் மறுபடி மரங்களுக்குள் வந்து சேர்வீர்கள்? அக்டோபரில் இதை யோசிக்காமலே போய் வந்திருப்பீர்கள். பிப்ரவரியில் முழுத் திட்டத்தையும் இதிலிருந்துதான் போடவேண்டும்.

முதலில் கால். மைக்ரோஸ்பைக்ஸ் என்பது ரப்பர் பட்டையில் சங்கிலி கோத்து, அதில் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு முள் வைத்த சாதனம். ஃபிராங்கோனியா மாதிரி கூட்டம் வரும் மலையில், நாலு பேர் நடந்து மிதித்து இறுகிப்போன பாதையில் அது அருமையாகப் பிடிக்கும். நல்ல நாளில் பாதித் தூரத்துக்கு மேல் அதிலேயே போய்விடலாம். அது கைவிடும் இடங்கள் இரண்டு. ஒன்று, பாறை மேல் கசிந்த நீர் உறைந்து நீலமாகத் தெரியும் கட்டி ஐஸ், அல்லது மழை பெய்து மறுநாள் உறைந்த கெட்டி மேலோடு. அங்கே அந்தக் குட்டி முள் இறங்காது. சரிவில் பக்கவாட்டாகக் கால் வைத்தால் ரப்பர் இழுபட்டு, ஷூ ஒரு பக்கமும் சங்கிலி ஒரு பக்கமுமாகப் போகும். இன்னொன்று, புதுப் பனி. கால் முட்டி வரை புதைகிற இடத்தில் முள்ளால் என்ன செய்ய முடியும்? அங்கே ஸ்னோஷூ (எடையைப் பரப்பிப் புதையாமல் காக்கும் அகலமான காலணிச் சட்டம்) வேண்டும். பாதத்துக்கு அடியில் பனி உருண்டையாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இருக்கும் மத்தியான நேரத்தில் இது அதிகம். நாலு எட்டுக்கு ஒருமுறை கைத்தடியால் ஷூவின் பக்கத்தைத் தட்டி உதிர்த்துவிடுங்கள்.

கிராம்பான் வேண்டுமா என்பது நீங்கள் போகும் வாரத்தைப் பொறுத்தது. அதற்கு முந்தைய ஏழெட்டு நாளில் மழையோ வெயிலில் உருகலோ வந்து, பிறகு கடும் குளிர் இறங்கியிருந்தால் வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்து அல்லது பன்னிரண்டு முனை கொண்ட, பட்டையால் கட்டும் நடைக் கிராம்பான் போதும். ஐஸ் சுவர் ஏறுகிற வகை தேவையில்லை. ஆனால் அது அடிப்பாகம் விறைப்பான பனிக்கால பூட்ஸுக்குத்தான் பொருந்தும். அக்டோபரில் போட்டுப்போன மென்மையான ஹைக்கிங் ஷூ வளைய வளைய, கிராம்பான் கழன்றுவிடும். வாடகைக்கு எடுத்தால் வீட்டிலேயே அந்த பூட்ஸில் அளவு சரிசெய்து, கையுறையோடு மூன்று முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். புதிதாகப் போடுகிறவர்கள் விழுவது பெரும்பாலும் வழுக்கி இல்லை. ஒரு காலின் முனை மறுகாலின் பேண்ட் ஓரத்தில் மாட்டித்தான். காலைக் கொஞ்சம் அகட்டி, பாதம் முழுக்கத் தரையில் படும்படி வைத்து நடக்கவேண்டும். இதை அரை மணி நேரமாவது ஏதாவது ஒரு சின்னச் சரிவில் பழகிவிட்டு வாருங்கள்.

ஐஸ் கோடரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். வழக்கமான பாதையில், வழக்கமான நிலைமையில், கூடைவளையம் போட்ட இரண்டு கைத்தடிகளே அதிகம் உதவும். கோடரியை வைத்து வழுக்கலை நிறுத்துவது பழகிப் பழகி வரும் வித்தை. பழகாதவர் கையில் அது பையில் தொங்கும் இன்னொரு கூரான பொருள், அவ்வளவுதான். பாதை முழுக்கக் கோடரி தேவைப்படும் அளவுக்கு உறைந்திருந்தால், அது உங்களுக்கான நாள் இல்லை.

ஸ்னோஷூ விஷயத்தில் நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் ஹை பீக்ஸ் பகுதியில் சட்டமே இருக்கிறது: 8 அங்குலத்துக்கு மேல் பனி இருந்தால் ஸ்னோஷூ அல்லது ஸ்கீ கட்டாயம். ஒயிட் மவுண்டன்ஸில் அப்படிச் சட்டம் கிடையாது. ஆனாலும் வெறும் பூட்ஸோடு புதையப் புதைய நடந்தால் அந்தக் குழிகள் இரவில் உறைந்து, அடுத்து வருகிறவருக்குக் கணுக்கால் முறியும் பொறியாகிவிடும். இரண்டு நாளுக்குள் நல்ல பனிப்பொழிவு என்றால் கட்டாயம் எடுத்துப்போங்கள். குதிகாலின் கீழ் தூக்கிவிடும் கம்பி உள்ள வகை கிடைத்தால், செங்குத்தான ஏற்றத்தில் கெண்டைக்கால் தப்பிக்கும்.

இனி பாதை. நீங்கள் அக்டோபரில் போன சுற்று அநேகமாக இதுதான்: லஃபாயெட் பிளேஸ் வாகன நிறுத்தத்திலிருந்து ஃபாலிங் வாட்டர்ஸ் ட்ரெயில் வழியாக லிட்டில் ஹேஸ்டாக்கிற்கு 3.2 மைல், அங்கிருந்து லிங்கன் சிகரம் தாண்டி லஃபாயெட் வரை ரிட்ஜ் மேல் 1.7 மைல், பிறகு கிரீன்லீஃப் ட்ரெயிலில் 1.1 மைல் இறங்கி கிரீன்லீஃப் ஹட் (மலையேறிகள் தங்கும் குடில்). அங்கிருந்து ஓல்ட் பிரைடில் பாத் வழியாக 2.9 மைல். மொத்தம் 9 மைலுக்குக் கொஞ்சம் குறைவு, ஏற்றம் சுமார் 3,900 அடி. இதில் பிரச்சினை நடுவில் இருக்கும் அந்த 1.7 மைல். முழுக்க மரவரிசைக்கு (மரங்கள் வளரும் எல்லைக்கு) மேலே. லிட்டில் ஹேஸ்டாக்கை விட்டால் லஃபாயெட் வரை கீழே இறங்க ஒரு பாதைகூடக் கிடையாது. மேற்கே செங்குத்தான ஓடைப் பள்ளங்கள். அங்கே பனிச்சரிவு வரலாம். கிழக்கே பெமிஜிவாசெட் காட்டுப் பகுதி. குளிர்காலக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் அடிக்கும். அதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதன் தன்னை அறியாமல் கிழக்குப் பக்கமாக ஒதுங்குவான். ஒதுங்கி இறங்கினால் காற்று குறையும், சரியான பக்கம் வந்துவிட்டோம் என்றும் தோன்றும். ஆனால் அந்தப் பக்கம் சாலைக்குப் போக மைல்கணக்கில் ஆளில்லாத காடு, இடுப்பளவுப் பனி. இந்த ரிட்ஜில் இப்படித்தான் வழி தவறக்கூடும்.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். நீங்கள் போன திசையில் சுற்றினால் ரிட்ஜ் மேல் வடக்கு நோக்கி நடப்பீர்கள். வடமேற்குக் காற்று ஒன்றேமுக்கால் மைலும் இடது கன்னத்தில் அறையும். எதிர்த் திசையில் போனால் காற்று முதுகுப் பக்கம் வரும். ஆனால் அப்போது ஃபாலிங் வாட்டர்ஸ் ட்ரெயிலில் இறங்கவேண்டும். பெயருக்கேற்ற மாதிரி அருவிகளை ஒட்டிப் போகும் பாதை அது. கிளவுட்லாண்ட் அருவிப் பக்கம் பாதையே ஐஸ் படிக்கட்டாகக் கிடக்கும். களைத்த காலோடு சாயங்காலம் அதில் இறங்குவது ஏறுவதைவிட மோசம். ஆக எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரு வம்பு இருக்கிறது.

அதனால் என் யோசனை: முதல் பனிக்கால ஏற்றத்துக்குச் சுற்று வேண்டாம். ஓல்ட் பிரைடில் பாத் வழியாக ஹட், அங்கிருந்து கிரீன்லீஃப் ட்ரெயிலில் லஃபாயெட் உச்சி, போன வழியே திரும்பல். ஒரு பக்கம் 4 மைல், மொத்தம் 8. அடிவாரம் சுமார் 1,800 அடி, உச்சி சுமார் 5,250 அடி. தூரம் அதிகம் மிச்சமாகவில்லை என்று தோன்றும். மிச்சமாவது வேறு: வெட்டவெளி என்பது ஹட்டுக்கு மேலே கடைசி முக்கால் மைல் மட்டும், எந்த இடத்தில் நின்று திரும்பினாலும் அரை மணி நேரத்தில் மரங்களுக்குள் வந்துவிடலாம். காலையில் நீங்களே மிதித்துப்போட்ட தடம் திரும்பும்போது வழிகாட்டும் (காற்று அதை மூடாதவரை). ரிட்ஜின் மிக உயர்ந்த சிகரம் லஃபாயெட்தான், எனவே காட்சியிலும் ஒன்றும் குறையாது. உச்சியில் போய்ப் பார்த்து, நேரமும் தெம்பும் காற்றும் ஒத்துவந்தால் லிங்கன் பக்கம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பலாம்.

அடுத்தது வானிலை. போனில் இருக்கும் ஆப்பில் ஃபிராங்கோனியா அல்லது லிங்கன் என்று ஊர்ப் பெயர் போட்டுப் பார்ப்பது பெரிய தவறு. அது பள்ளத்தாக்கின் வானிலை. மவுண்ட் வாஷிங்டன் வானிலை ஆய்வகம் வெளியிடும் உயர்சிகர முன்னறிவிப்பைப் பாருங்கள். கூடவே தேசிய வானிலை சேவையின் இணையதளத்தில் வரைபடத்தில் லஃபாயெட் உச்சியைச் சொடுக்கினால் அந்த இடத்துக்கான கணிப்பு வரும். கீழே அந்தப் புள்ளியின் உயரம் எவ்வளவு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பள்ளத்தாக்கில் சொடுக்கிவிட்டு உச்சி என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மவுண்ட் வாஷிங்டன் 6,288 அடி, லஃபாயெட் அதைவிட ஆயிரம் அடி தாழ்வு. எனவே இங்கே காற்று பொதுவாகக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆனால் அந்த ‘பொதுவாக’வை நம்பித் திட்டம் போடாதீர்கள். அறிவிப்பில் வரும் எண்ணையே உங்கள் எண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணை எப்படிப் படிப்பது? காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 20 மைல் வேகம் 40 ஆனால் தள்ளுவது இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. 40-ல் நடை கோணலாகும். 60-ல் வீச்சு வரும்போது நின்று கைத்தடி ஊன்றவேண்டிவரும். குளிருக்குத் தேசிய வானிலை சேவையின் அட்டவணை சொல்வது: வெப்பநிலை 0 டிகிரி ஃபாரன்ஹீட் (மைனஸ் 18 செல்சியஸ்), காற்று 15 மைல் என்றால் உடல் உணரும் குளிர் மைனஸ் 19 ஃபாரன்ஹீட், மூடாத தோல் 30 நிமிடத்தில் உறையலாம். அதே வெப்பநிலையில் காற்று 40 மைல் ஆனால் மைனஸ் 29. முதல்முறை போகிறவர்களுக்கு நான் வைக்கும் வரம்பு: உச்சியில் சீரான காற்று 30 மைலைத் தாண்டும் என்றாலோ, உணரும் குளிர் மைனஸ் 15 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகும் என்றாலோ, உச்சி மேகத்துக்குள் இருக்கும் என்றாலோ, தேதியை மாற்றுங்கள். இது அறிவியல் வரம்பு இல்லை, என் தீர்ப்பு. அனுபவமுள்ளவர்கள் இதைவிட மோசமான நாளிலும் போகிறார்கள். அவர்களுக்கு எப்போது திரும்பவேண்டும் என்பது உடம்பில் ஊறியிருக்கிறது.

வெப்பநிலைக்கு ஒரு மனக்கணக்கு: 1,000 அடிக்குச் சுமார் 3 முதல் 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். கார் நிறுத்துமிடத்தில் 20 என்றால் உச்சியில் 2-க்கும் 10-க்கும் இடையில் எதிர்பாருங்கள். இந்தக் கணக்கு சில காலைகளில் தலைகீழாகும். காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர் பள்ளத்தாக்கில் தேங்கி, மேலே போகப் போகக் கதகதப்பாகும். அதைப் பார்த்து மேல்சட்டையைக் காரில் விட்டுவிட்டுப் போகக்கூடாது.

நேரம். ஆங்கில வழிகாட்டி நூல்களில் வரும் சூத்திரம் மைலுக்கு அரை மணி, 1,000 அடி ஏற்றத்துக்கு அரை மணி. 4 மைல், 3,500 அடிக்கு 3 மணி 45 நிமிடம் வருகிறது. அக்டோபர் வேகத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் கிட்டத்தட்ட இதே வேகம்தான். ஆனால் பனியில் பை கனம், பூட்ஸ் கனம், முள் மாட்ட, சட்டை கழற்ற என்று நிற்கும் நேரமும் உண்டு. சூத்திர நேரத்தோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுப் பனியைக் கிழித்துப் போகவேண்டி வந்தால் ஒன்றரை மடங்கு. பிப்ரவரி நடுவில் அங்கே சூரியன் ஏறத்தாழ 6:45-க்கு உதித்து 5:15-க்கு மறையும்; பள்ளத்தாக்கில் நிழல் அதற்கு வெகு முன்பே விழும். 7 மணிக்கு நடக்க ஆரம்பித்தால் 10 மணி வாக்கில் ஹட், 11:30-க்கு உச்சி. எங்கே இருந்தாலும் 12:30-க்குத் திரும்பல். இந்தக் கடைசி நேரத்தை முந்தின நாள் இரவே நால்வரும் சேர்ந்து பேசி முடிவு செய்யுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்று பேசினால் யாரும் திரும்பமாட்டார்கள். சனிக்கிழமை என்றால் நிறுத்துமிடமும் சீக்கிரம் நிரம்பிவிடும், எனவே பாஸ்டனில் விடிகாலை 4:30-க்குக் கிளம்புவது உசிதம்.

உடையில் பலரும் செய்யும் தவறு அதிகமாகப் போட்டுக்கொண்டு கிளம்புவது. காரிலிருந்து இறங்கி நிற்கும்போது கொஞ்சம் நடுங்கவேண்டும். ஓல்ட் பிரைடில் பாத்தில் முதல் ஒரு மைல் சாதுவாகப் போய், பிறகு ஏற்றம் ஆரம்பிக்கும். அங்கே இயந்திரம் மாதிரி வெப்பம் கிளம்பும். கீழே வியர்த்த பனியன் மேலே காற்றில் உங்களிடமிருந்து வெப்பத்தை உறிஞ்சும். நல்ல நடைவேகம் என்பது வியர்க்காத வேகம். பருத்தி ஒரு நூல்கூட வேண்டாம், உள்ளாடை உட்பட. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடலோடு ஒட்டிய மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை, அதன் மேல் மெல்லிய ஃப்ளீஸ், பையில் காற்றுத்தடுப்பு மேல்சட்டையும் பேண்ட்டும், பிறகு நின்றால் மட்டும் போட்டுக்கொள்ளும் தடித்த பஃபி ஜாக்கெட். அந்தக் கடைசி ஜாக்கெட் மற்ற எல்லாவற்றின் மேலும் நுழையும் அளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும். சின்னதாக இருந்தால் காற்றில் நின்று மேல்சட்டையைக் கழற்றித்தான் அதைப் போடமுடியும். அந்த ஒரு நிமிடத்தில் சேர்த்துவைத்த சூடெல்லாம் போய்விடும்.

கைதான் முதலில் விட்டுக்கொடுக்கும். நடப்பதற்கு மெல்லிய கையுறை இரண்டு ஜோடி (ஒன்று நனையும், நிச்சயம்), மேலே போக விரல் பிரியாத மிட்டன்ஸ் ஒரு ஜோடி. மிட்டன்ஸ் மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டியிருக்கட்டும். ரிட்ஜ் மேல் பறந்த கையுறை திரும்ப வராது. எல்லா ஜிப்பிலும் ஒரு விரல் நீளக் கயிறு கட்டிவிடுங்கள், மிட்டன்ஸோடு இழுக்க வரும். வேதிக் கைச்சூடுப் பொட்டலங்கள் காற்று பட்டால்தான் சூடாகும், எனவே ஹட்டுக்கு அரை மணி முன்பே பிரித்துச் சட்டைப்பையில் வைத்தால்தான் மேலே உதவும்.

முகத்துக்குப் பேலக்லாவாவும் (தலையையும் முகத்தையும் மூடும் துணி) ஸ்கீ காகிள்ஸும். கண்ணாடி அணிகிறவர்கள் உங்களில் இருந்தால் (நான்கு மென்பொருள்காரர்களில் ஒருவராவது இருப்பீர்கள்) இதை வீட்டிலேயே முயன்று பாருங்கள். கண்ணாடி மேல் அணியும் பெரிய காகிள்ஸ் தனியாக விற்கிறது, அல்லது அன்றைக்கு மட்டும் கான்டாக்ட் லென்ஸ். காகிள்ஸ் மங்குவதற்குக் காரணம், மூச்சு முகத்துணிக்குள் ஏறி மூக்கோரமாக உள்ளே போவது. துணியின் மேல்விளிம்பு காகிள்ஸின் கீழ்விளிம்புக்கு அடியிலேயே நிற்கட்டும், உள்ளே நுழையக்கூடாது. மூக்குக்கு நேரே மூச்சு வெளியேற வழி இருக்கட்டும். வியர்த்த நெற்றியில் ஏற்றி வைத்தால் உள்பக்கம் ஈரம் படிந்து உறைந்துவிடும்; அப்புறம் அன்று முழுக்க அது தெளியாது. மரங்களுக்குள் இருக்கும்போது பையில், வெளியே வரும் முன் கண்ணில். இடையில் நெற்றியில் கிடையாது.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது. உறிஞ்சு குழாய் வைத்த பை வேண்டாம், குழாய் முதல் ஒரு மணி நேரத்திலேயே உறையும். அகல வாய்ப் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, உறைபோட்டு, தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்து உறைவதால் மூடிப்பக்கம் திறந்தே இருக்கும். மூடி கசியாத பாட்டிலா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் வேறு கதையாகும். ஒரு தெர்மாஸில் சர்க்கரை தூக்கலாக டீ. சாப்பாட்டில் கடையில் விற்கும் எனர்ஜி பார் பல்லை உடைக்கும் அளவுக்கு இறுகும். கடலை மிட்டாயைக் கிளம்பும் முன்பே கடித்துத் தின்னும் அளவுக்கு உடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் கையுறையோடு எடுக்கலாம். உள்ளே ஏதாவது வைத்துச் சுருட்டிய சப்பாத்தி, உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் மத்தியானம் வரை மென்மையாக இருக்கும். உட்கார்ந்து சாப்பிடும் இடைவேளை என்று எதுவும் வேண்டாம். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை நின்றபடி இரண்டு வாய்.

போனை உள்சட்டையில் உடம்போடு வையுங்கள். குளிரில் லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் இறங்கி, 60 சதவீதம் காட்டிய போன் திடீரென்று அணையும். பவர்பேங்கும் உள்ளேயே. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், சிக்னல் வரும் போகும். காகித வரைபடமும் திசைகாட்டியும் ஒருவரிடமாவது இருக்கட்டும். அங்கே காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து சுமார் 14 டிகிரி மேற்கே விலகியிருக்கும், அதைத் திசைகாட்டியில் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். தலைவிளக்கு ஆளுக்கு ஒன்று. அல்கலைன் செல் குளிரில் சோர்ந்துவிடும். ஒருமுறை பயன்படுத்தும் லித்தியம் செல் தாங்கும்.

மலை உங்களுக்கு இரண்டு இடத்தில் தகவல் தரும். முதலாவது, சுமார் இரண்டு மைலில் ஓல்ட் பிரைடில் பாத் மரங்களிலிருந்து வெளிவந்து பாறை விளிம்புகளைத் தொடும் இடம். வாக்கர் பள்ளத்துக்கு அப்பால் முழு ரிட்ஜும் எதிரே நிற்கும். அங்கே நின்று உச்சிக்கோட்டைப் பாருங்கள். கோட்டிலிருந்து கிழக்கு நோக்கி வெண்புகை மாதிரி பனி கிளம்பிப் போய்க்கொண்டிருந்தால், அது பனியைத் தூக்கி எறியும் காற்று. முன்னறிவிப்பு என்ன சொல்லியிருந்தாலும் அதுதான் உண்மை. கோடு கத்தியால் வெட்டியது போலத் தெளிவாகத் தெரிந்தால் நல்ல சகுனம். இதற்குப் பிறகுதான் அடுத்தடுத்த செங்குத்துத் திட்டுகள் வரும்; மைக்ரோஸ்பைக்ஸா கிராம்பானா என்ற உங்கள் கேள்விக்கு அன்றைய பதில் அந்தத் திட்டுகளில் கிடைக்கும்.

இரண்டாவது இடம் ஹட், சுமார் 4,200 அடியில். குளிர்காலத்தில் பூட்டியிருக்கும். உள்ளே போகலாம், சூடாக எதாவது கிடைக்கும் என்று யாரும் நினைத்து வரவேண்டாம். காற்றுக்கு மறைவான சுவர் ஒன்றுதான் அது தருவது. அந்தச் சுவரோரம் பத்து நிமிடம்: எல்லாரும் சாப்பிடவேண்டும், காற்றுத்தடுப்பு உடை, பேலக்லாவா, காகிள்ஸ், மிட்டன்ஸ் எல்லாம் அங்கேயே போட்டுக்கொள்ளவேண்டும். மேலே வெட்டவெளியில் போட்டுக்கொள்ளலாம் என்றால், அங்கே கையுறையைக் கழற்றிய விரல் ஜிப்பைப் பிடிப்பதற்குள் மரத்துவிடும். பிறகு ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: விரல் எல்லாம் உணர்வாக இருக்கிறதா? ஒருவர் தயங்கினாலும் நால்வரும் இறங்கல். அவரை மட்டும் ஹட்டில் உட்காரவைத்துவிட்டு மூவர் மேலே போவது கூடவே கூடாது. நடக்காமல் ஒன்றரை மணி நேரம் அங்கே உட்கார்ந்தால் அவர் நிலைமைதான் உங்களில் மோசமாகும்.

ஹட்டிலிருந்து பாதை ஈகிள் ஏரிப் பக்கம் சற்று இறங்கி, குட்டை மரங்களுக்குள் புகுந்து, பிறகு வெட்டவெளிக்கு வரும். அந்தக் குட்டை மரங்கள் பனியில் மூடியிருக்கும்போது பாதையை விட்டு ஓரடி விலகினால் கிளைகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில் இடுப்பு வரை இறங்கிவிடுவீர்கள். மேலே கற்குவியல் அடையாளங்களைப் பின்பற்றவேண்டும். அடுத்த குவியல் தெரியவில்லை என்றால், கடைசியாகப் பார்த்த குவியலில் ஒருவர் நிற்க மற்றவர் தேடலாம்; அப்படியும் தெரியவில்லை என்றால் திரும்பல். உச்சியில் பழைய கட்டடத்தின் கல் அடித்தளம் ஒன்று இருக்கிறது, காற்றுக்குக் குனிந்து உட்கார உதவும். திரும்பும்போது கவனிக்கவேண்டிய இடமும் அதுதான். அங்கே மூன்று வழிகள் கூடுகின்றன: தெற்கே ரிட்ஜ், வடக்கே கார்ஃபீல்ட் ரிட்ஜ் ட்ரெயில், மேற்கே நீங்கள் ஏறிவந்த கிரீன்லீஃப் ட்ரெயில். மேகம் இறங்கினால் மூன்றும் ஒரே மாதிரி வெள்ளை. உச்சியைத் தொட்ட உடனே, தெளிவாக இருக்கும்போதே, இறங்கும் திசையைத் திசைகாட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் பார்க்கவேண்டியதை ஒருவருக்கொருவர்தான் பார்க்கமுடியும். மூக்கு நுனியிலோ கன்னத்திலோ மெழுகு மாதிரி வெள்ளைத் திட்டு வந்தால் அது உறைவின் ஆரம்பம். சூடான உள்ளங்கையை வைத்து அழுத்தி, மூடுங்கள். தேய்க்கக்கூடாது, பனி வைத்துத் தேய்க்கவே கூடாது. விரலோ பாதமோ முழுக்க மரத்துக் கட்டையாகிவிட்டால் வழியில் சூடுபடுத்தாமல் இறங்கிவிடுங்கள். உருகி மறுபடி உறைந்தால் சேதம் இன்னும் அதிகம். வளவளவென்று பேசிக்கொண்டு வந்தவர் மௌனமானாலோ, வார்த்தை குழறினாலோ, கால் இடறிக்கொண்டே இருந்தாலோ, ஜிப் போடத் தெரியாமல் தவித்தாலோ உடல் வெப்பம் இறங்குகிறது என்று பொருள். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். காற்று மறைவு, பஃபி, இனிப்பு, சூடான டீ, பிறகு நடை.

கால் முறிந்தோ சுளுக்கியோ ஒருவரால் நடக்கமுடியாமல் போனால்? அங்கே மீட்புப் பணியை நடத்துவது மாநிலத்தின் மீன், வனவிலங்குத் துறை. கூட வருகிறவர்கள் தன்னார்வலர்கள். 911-க்கு அழைப்பு போனாலும் அவர்கள் கீழிருந்து உங்களைப் போலவே நடந்துதான் வரவேண்டும். பல மணி நேரம் ஆகும். அதுவரை அசையாமல் கிடப்பவர் பிழைத்திருக்கவேண்டும். நால்வருக்கும் சேர்த்து ஒரு தூங்கும் பை (ஸ்லீப்பிங் பேக்), ஒரு நுரைமெத்தை, ஒரு அவசரகால உறைப்பை, இவற்றைப் பங்கிட்டுத் தூக்கிப்போங்கள். மெத்தை முக்கியம், தரை வழியாகத்தான் வெப்பம் வேகமாகப் போகும். அலட்சியமாகப் போய் மாட்டிக்கொண்டவரிடம் மீட்புச் செலவை வசூலிக்க நியூ ஹாம்ப்ஷயர் சட்டத்தில் இடமிருக்கிறது. தனிநபருக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35 டாலர் என்று ஹைக் சேஃப் கார்டு விற்கிறார்கள். அது இருந்தால் அந்தச் செலவு வராது, ஆனால் வேண்டுமென்றே முரட்டுத்தனமாக நடந்துகொண்டதற்கு அது கவசமில்லை. இங்கே இருந்துகொண்டு என்னால் சொல்லமுடியாதது உங்கள் நால்வரில் பலவீனமானவரின் தெம்பு. அவரை வைத்துத்தான் திட்டம் போடவேண்டும், வேகமானவரை வைத்து இல்லை.

இதுவரை நால்வரும் பனியில் மலையே ஏறியதில்லை என்றால், பிப்ரவரி சனிக்கிழமைக்கு முன்னால் ஒருமுறை மவுண்ட் பியர்ஸ் போய்வாருங்கள். கிராஃபர்ட் பாத் வழியாக ஒரு பக்கம் மூன்று மைல் சொச்சம், சுமார் 4,300 அடி உயரம், கிட்டத்தட்ட கடைசி வரை மரங்களுக்குள், சரிவும் மென்மை. காகிள்ஸ் மங்குகிறதா, பூட்ஸ் கடிக்கிறதா, மிட்டன்ஸோடு கடலை மிட்டாய் எடுக்க வருகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். கிராம்பானை அந்தப் பயணத்துக்குப் பிறகு வாங்கலாம். அதுவரை வாடகை போதும்.